சைக்கிள் செயினில் அழுக்கு ஏன் ஒட்டுகிறது? நான் பிழையாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்

2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி உச்சத்தில் இருந்த காலம். மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஆசிரியர்களும் சைக்கிளுக்கு மாறியிருந்தோம். கிளிநொச்சி மாவட்டத்தின் உட்புறக் கிராமமொன்றில், நான் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலையில், பத்தாம் தரத்தில் படித்த மாணவி ஒருத்தி மூன்று நாட்களாக வரவில்லை. நான்காம் நாள் இரண்டாம் பாடவேளை தொடங்கிய பின்னர் நடந்து வந்து சேர்ந்தாள். காலெல்லாம் கிரவல் புழுதி.

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் வரேல்லை?" என்று கேட்டேன்.

"செயின் அறுந்துபோச்சு சேர். இண்டைக்கு விடியவே வெளிக்கிட்டு நடந்து வாறன்."

"எண்ணெய் விடுறேல்லையோ?"

"இல்லை சேர். செயின் ஓடேக்கை உராஞ்சு கரண்ட் பிறந்துதான் தூசியை இழுக்குதெண்டு நீங்கள்தானே ஒன்பதாம் வகுப்பிலை சொன்னனீங்கள். எண்ணெய் விட்டால் இன்னும் கூட இழுக்குதெண்டு அம்மா சோப் தண்ணியிலை கழுவிக் கழுவித்தான் வைச்சிருந்தவ. கரண்ட் இறங்கட்டுமெண்டு ஒரு கம்பியும் கட்டி நிலத்திலை முட்ட விட்டவ."

வகுப்பில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது உண்மை. உராய்வு மின்னுக்கு உதாரணம் சொல்லும்போது சீப்பையும் கடதாசித் துண்டையும் சொல்லிவிட்டு, "சைக்கிள் செயின் தூசி பிடிப்பதும் இதனால்தான்" என்று நான் பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். அது பிழை. அந்தப் பிழையைக் கேட்டுக்கொண்டு போன பிள்ளை அதை வீட்டில் சொல்ல, தாய் அதை நம்பி, எண்ணெய் இல்லாமல் கழுவிக் கழுவிச் செயினைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறார்.

அந்தச் சைக்கிள் மீள்குடியேற்ற காலத்தில் உதவியாகக் கிடைத்தது. தகப்பன் 2009 மே மாதத்தில் வட்டுவாகலுக்குப் பிறகு வீடு திரும்பாதவர். காலையில் மகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் அதே சைக்கிளில்தான் பின்னேரம் தாய் கூலி வேலைக்குப் போவார். அது நின்றால் அந்த வீட்டில் இரண்டு பேரின் நாள் நின்றுவிடும். ஆகவே இந்தக் கட்டுரை ஒரு வகையில் எனது திருத்தம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

எனக்கு இதைச் சொன்னவர் எனது சித்தப்பா. ஆண்டு 1992 ஆக இருக்கலாம். எனக்குப் பதினொரு வயது. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் வராது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். அந்த விளக்கை மறந்தவர்கள் எங்களில் இருக்க மாட்டார்கள்.

செய்தி கேட்பதற்குச் சைக்கிள்தான் எங்கள் மின்நிலையம். முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லு ரயரில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். சித்தப்பா டயோட்டும் கொண்டென்சரும் பூட்டிய வயரில் றேடியோவைக் கொழுவுவார். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தியாளரின் குரலும் இழுபடும். கை மாற்றிச் சுற்ற மூன்று பேர் நிற்போம்.

அப்போதுதான் நான் கேட்டேன், எங்கிருந்து இந்தக் கரண்ட் வருகிறது என்று. "டைனமோ ரயரோடை உராயுதெல்லே, அந்த உராய்விலைதான் பிறக்குது" என்றார். பிறகு செயினைக் காட்டி, "இதுவும் பற்சில்லோடை உராயுது. அதுதான் தூசியை இழுக்குது" என்றார். எங்கள் கண் முன்னே உராய்வு நடந்தது, றேடியோ பாடியது. நம்பாமல் இருக்க என்ன காரணம்?

டைனமோ ரயரில் உராய்வது உண்மை. ஆனால் மின் பிறப்பது அந்த உராய்வினால் இல்லை. டைனமோவுக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள். ரயர் டைனமோவின் தலையைச் சுழற்ற, காந்தம் சுருளுக்குள் சுழல்கிறது. காந்தப் புலம் மாறும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பதை 1831 இல் மைக்கேல் பரடே கண்டுபிடித்தார். சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற் அளவில் மின் தரும். ரயருக்கும் டைனமோத் தலைக்கும் இடையிலான உராய்வு, தலை வழுக்காமல் சுழல்வதற்கு மட்டுமே தேவை. காந்தத்தைக் கழற்றிவிட்டால் எவ்வளவு உராய்ந்தாலும் றேடியோ பாடாது.

சித்தப்பாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. பற்றரி கிடைக்காத காலத்தில் எங்களுக்கு உலகத்தைக் கேட்க வைத்தவர் அவர். ஆனால் அந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்காமல் வகுப்பறை வரை கொண்டுவந்தவன் நான்.

உராய்வு மின் என்பது என்ன?

உராய்வினால் மின்னேற்றம் உண்டாவது பொய் இல்லை. உலர்ந்த தலைமயிரை பிளாஸ்ரிக் சீப்பால் வாரிவிட்டுச் சின்னக் கடதாசித் துண்டுகளுக்கு மேலே பிடித்தால் அவை துள்ளி ஒட்டும். பழைய பெட்டித் தொலைக்காட்சியின் திரையில் ஒரு நாளிலேயே தூசி படிந்தது நினைவிருக்கும். அங்கும் தூசியை இழுத்தது நிலைமின்தான், ஆனால் அது உராய்வினால் வந்ததில்லை. திரைக்குப் பின்னாலிருந்த உயர் அழுத்த மின்னால் வந்தது. போட்டோக் கொப்பி மெசின் மைத்தூளைக் கடதாசியில் பதிப்பதும் நிலைமின்னைப் பயன்படுத்தித்தான்.

இரண்டு பொருட்கள் ஒன்றோடொன்று தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு இலத்திரன்கள் இடம் மாறலாம். ஒன்று நேர் ஏற்றமும் மற்றது மறை ஏற்றமும் பெறும். அந்த ஏற்றம் அங்கேயே தங்கி நின்றால்தான் தூசியை இழுக்க முடியும். தங்கி நிற்பதற்குப் பொருள் ஒரு காவலியாக இருக்க வேண்டும். பிளாஸ்ரிக், கண்ணாடி, நைலோன், உலர்ந்த றப்பர் ஆகியவை காவலிகள். அவற்றில் ஏற்றம் ஓடிப்போக வழியில்லை.

செயின் முழுவதும் உருக்கு. உருக்கு நல்ல கடத்தி. ஒரு மூட்டில் ஏதாவது சிறிய ஏற்றம் உண்டானாலும் அது அடுத்த கணமே செயின் முழுவதற்கும், பற்சில்லுக்கும், சைக்கிள் உடலுக்கும் பரவிவிடும். உருக்கு உருக்கோடு உராயும்போது, ஒரே வகைப் பொருள் என்பதால் ஏற்றம் மாறுவதும் மிகக் குறைவு. ரயரும் முழுமையான காவலி என்று நினைக்க வேண்டாம். ரயருக்குக் கறுப்பு நிறம் தருவது அதில் கலக்கப்படும் காபன் தூள். அது ரயருக்கு ஓரளவு கடத்தும் தன்மையையும் கொடுக்கிறது.

எங்கள் காற்றும் இதற்கு இடம் கொடுக்காது. கடல் சூழ்ந்த நாட்டில் வருடத்தின் பெரும் பகுதியில் காற்று ஈரமாகவே இருக்கிறது. ஈரக் காற்றில் பொருட்களின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் படியும். அதன் வழியே ஏற்றம் கசிந்துவிடும். சீப்புப் பரிசோதனை மாரி காலத்தில் வகுப்பறையில் சரிவராமல் போவதை எல்லா விஞ்ஞான ஆசிரியர்களும் அனுபவித்திருப்பார்கள்.

இந்தக் கட்டுக்கதைக்கு இன்னொரு வேரும் உண்டு. பழைய அரிசி ஆலைகளில் நீளமான தட்டைப் பட்டி ஓடும். அதற்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் மயிர் எழும்பும், சில வேளை சுள்ளென்று அடிக்கும். அது உண்மையான உராய்வு மின். பட்டி றப்பராலோ தோலாலோ ஆனது, காவலி. ஓடும்போது சில்லிலிருந்து பிரிந்து பிரிந்து ஏற்றத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆய்வுகூடத்தில் பல இலட்சம் வோல்ற் உருவாக்கும் வான் டி கிராவ் இயந்திரம் இயங்குவதும் இப்படி ஓடும் ஒரு பட்டியால்தான். பட்டியில் கண்டதைச் செயினுக்கும் பொருத்திப் பேசியதால் இந்தக் கதை வளர்ந்திருக்கலாம். இரண்டும் சுற்றி ஓடுகின்றன என்பதைத் தவிர, மின் விடயத்தில் அவற்றுக்குள் ஒற்றுமை இல்லை.

வகுப்பில் செய்த சோதனை

அந்த மாணவி வந்த நாளுக்கு அடுத்த கிழமை, சைக்கிள் கடையில் கழித்துவிட்ட செயினொன்றை வாங்கி வந்தேன். அதை மூன்று துண்டாக்கி, மூன்றையும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி உலர விட்டோம்.

முதல் துண்டுக்கு எதுவும் பூசவில்லை. இரண்டாவதற்கு எண்ணெய் விட்டு அப்படியே வைத்தோம். மூன்றாவதற்கு எண்ணெய் விட்டு, சிறிது நேரம் கழித்து வெளிப்புறத்தைப் பழந்துணியால் இறுக்கித் துடைத்தோம். மூன்றையும் வீதியோர வேலியில் கட்டித் தொங்கவிட்டோம். அவை ஓடவில்லை, எதனோடும் உராயவில்லை. கிரவல் வீதியில் வாகனம் போகும்போது எழும் புழுதி மட்டும் பட்டது.

ஐந்து நாட்களின் பின் எடுத்துப் பார்த்தோம். இரண்டாவது துண்டு புழுதி மூடிப் பிசினாகிக் கிடந்தது. மூன்றாவதில் மெல்லிய தூசி மட்டும். முதலாவதில் கையால் தட்டினால் விழும் தூசிதான், ஆனால் துரு தொடங்கியிருந்தது.

பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கழுவி உலர்த்திய செயினைப் பூட்டி, பெடலை வேகமாகச் சுற்றினோம். கடதாசித் துகள்களைச் செயினுக்கு மிகக் கிட்டப் பிடித்தோம். ஒன்றும் இழுபடவில்லை. அதே துகள்களுக்கு மேலே தேய்த்த பிளாஸ்ரிக் அடிமட்டத்தைப் பிடித்ததும் துள்ளி ஒட்டின.

ஓடாத செயின் அழுக்குப் பிடித்தது. ஓடிய செயின் கடதாசியை இழுக்கவில்லை. "அப்ப சேர், எண்ணெய்தான் ஒட்டுது" என்று பின்வாங்கிலிருந்த பெடியன் சொன்னான். நான் பல வருடங்கள் பிழையாகச் சொன்னதை ஐந்து நாளில் பிள்ளைகள் திருத்திவிட்டார்கள்.

உண்மையான காரணம்

சீனிப் போத்தலுக்குள் உலர்ந்த விரலை விட்டால் சில மணிகள்தான் ஒட்டும். நனைந்த விரலை விட்டால் விரல் முழுவதும் சீனி. செயினில் நடப்பதும் அதுதான். எண்ணெய் உருக்கையும் நனைக்கும், மண் துகளையும் நனைக்கும். துகள் வந்து பட்டதும் எண்ணெய் அதைச் சுற்றி ஏறி, இரண்டுக்கும் இடையே ஒரு பாலம்போல நின்று பிடித்துக்கொள்ளும். எண்ணெய் எவ்வளவு தடிப்பாக வெளியில் நிற்கிறதோ அவ்வளவு துகள்கள் அமிழும். கிறீஸ் பூசிய செயின் இன்னும் மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

செயின் இருக்கும் இடமும் அதற்கு எதிரி. முன்சில்லு கிளப்பும் மண்ணும் மழைத்தண்ணீரும் நேரே பெடல் பக்கம்தான் வருகின்றன. முன் மட்காட்டின் கீழ் நுனியில் றப்பர்த் துண்டு தொங்கவிடும் பழக்கம் அழகுக்காக வந்ததில்லை. முந்திய காலத்து றலி, ஹம்பர் சைக்கிள்கள் சிலவற்றில் செயினை முழுவதுமாக மூடிய தகரக் கவர் இருந்தது. இங்கிலாந்தின் சன்பீம் சைக்கிளில் செயின் ஒரு சிறிய எண்ணெய்த் தொட்டிக் கவருக்குள்ளேயே ஓடியது. அழுக்கு வெளியிலிருந்து வருகிறது, அதை மறித்தால் போதும் என்பதை அந்தக் கவரைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

வலிகாமத்துச் செம்மண்ணில் ஓடினாலும், வடமராட்சி கிழக்கின் வெள்ளை மணலில் ஓடினாலும், வன்னிக் கிரவலில் ஓடினாலும் செயினில் படியும் அழுக்கு கறுப்பாகவே இருக்கும். மண்ணின் நிறம் எங்கே போனது? அந்தக் கறுப்பில் ஒரு பகுதி செயினிலிருந்தே தேய்ந்து வந்த மிக நுண்ணிய உருக்குத் தூள். கையில் ஒட்டும் கறுப்பு, செயின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதன் அடையாளம்.

மணலில் அதிகம் இருப்பது குவாட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் அது 7. சாதாரண உருக்கு அதைவிட மென்மையானது. ஆகவே எண்ணெயும் மணலும் கலந்த பசை, அரம்போல் உருக்கைத் தின்னும்.

மூட்டுக்குள் நடப்பது

இன்று நாம் பாவிக்கும் உருளைச் செயினை 1880 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் றெனோல்ட் என்பவர் உருவாக்கினார். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி, அதைச் சுற்றி ஒரு குழல், அதற்கு மேல் ஓர் உருளை. ஆணிக்கும் குழலுக்கும் இடையிலான மிகச் சிறிய இடைவெளியில்தான் எண்ணெய் இருக்க வேண்டும். வெளித் தகட்டில் இருக்கும் எண்ணெய் துருவைத் தடுக்கலாம், வேறு வேலை அதற்கு இல்லை.

ஒரு சாதாரண சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன் பற்சில்லில் 44 பற்கள், பின் பிறீவீலில் 18 பற்கள், 28 அங்குலச் சில்லு. பெடல் ஒருமுறை சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் போகும். ஆறு கிலோமீற்றருக்கு 1,100 தடவை பெடல் சுற்ற வேண்டும். செயினில் 110 மூட்டுகள் இருந்தால், அந்தத் தூரத்தில் செயின் 440 தடவை முழுதாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் நான்கு தடவை மடங்கி நிமிரும். அதாவது பாடசாலைக்குப் போக மட்டும் ஒரு மூட்டு ஏறத்தாழ 1,760 தடவை உராய்கிறது. போய்வர 3,500. எண்ணெய் இல்லாமலோ மணல் பசையுடனோ இத்தனை தடவை உராய்ந்தால் ஆணி தேயாமல் என்ன செய்யும்?

ஆணி தேய்ந்தால் செயின் நீளும். "செயின் இழுபட்டுப் போச்சு" என்கிறோம். உருக்குத் தகடு இழுபடுவதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் ஒவ்வொன்றும் துளித் துளியாகத் தேய்ந்து சேர்ந்த நீளம் அது. நீண்ட செயின் பற்சில்லின் பல்லையும் தின்னும். பிறகு செயினை மட்டும் மாற்றினால் சரிவராது, பற்சில்லும் பிறீவீலும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஒரு கூலிக் குடும்பத்துக்கு அது பல நாள் சம்பளம்.

கொடிகாமத்தில் கேட்ட பாடம்

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்களுக்கு அந்த மழையையும் நாவற்குழிப் பக்கத்து நெரிசலையும் சொல்லத் தேவையில்லை. எங்கள் சைக்கிளின் கரியரில் அம்மம்மா. பாரில் இரண்டு உடுப்பு மூட்டை. ஹாண்டிலில் குடமும் சட்டியும். அம்மாவும் நானும் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஓடுவதற்கு வீதியில் இடமிருக்கவில்லை.

சைக்கிளைத் தள்ளும்போது பிறீவீல் மட்டும் சுழலும், செயின் ஓடாது. ஆனால் விடிந்து பார்த்தபோது செயின் முழுவதும் சேறு. கொடிகாமத்தில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்து, தண்ணிக்கும் அரிசிக்கும் சைக்கிளில் அலைந்தபோது செயின் கறகறவென்று இறுகியது. நான் ஒரு வீட்டில் கொஞ்சம் நல்லெண்ணெய் வாங்கி, சேற்றுக்கு மேலேயே விட்டேன். இரண்டு நாளில் இன்னும் மோசமானது.

மரத்துக்குக் கீழே பெட்டியை வைத்துக்கொண்டு சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, செயினுக்கு எண்ணெயைக் குடிக்கக் குடுக்கோணும், பூசக் கூடாது. ஊத்தைக்கு மேலை எண்ணெய் விட்டால் ஊத்தையை உள்ளுக்கை அனுப்புறாய்."

அவரும் இடம்பெயர்ந்து வந்தவர்தான். ஒரு தகரப்பேணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வைத்திருந்தார். அதிலேயே செயினைக் கழுவித் தந்தார், காசு வாங்கவில்லை. மண்ணெண்ணெய் அன்று என்ன விலை என்பது தெரிந்தவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும்.

அவர் மின்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த இரண்டு வசனங்களில் நான் பிற்காலத்தில் வகுப்பில் சொன்னதைவிட அதிக விஞ்ஞானம் இருந்தது. ஊத்தைக்கு மேல் விடும் எண்ணெய், வெளியிலிருக்கும் மணலைக் கழுவிக்கொண்டு ஆணிக்கும் குழலுக்கும் இடையே போகிறது. நல்ல நோக்கத்தோடு செய்கிற இந்த வேலைதான் செயினை விரைவில் கொல்கிறது.

செய்ய வேண்டியது

ஓடும் தூரத்தைப் பொறுத்து மாதத்துக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் உடனே, இப்படிச் செய்யலாம்.

முதலில் துடைக்க வேண்டும். பழந்துணியால் செயினின் கீழ்ப் பகுதியைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் செயின் துணிக்குள்ளால் ஓடும். அழுக்கு அதிகமென்றால் பழைய பல்தூரிகையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம். அடுப்புக்கும் விளக்குக்கும் கிட்ட வேண்டாம். ரயரில் மண்ணெண்ணெய் படவிடவும் வேண்டாம், றப்பரைக் கெடுக்கும்.

இரண்டாவது, உலர விட வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு உருளை மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய். தையல் மெசின் எண்ணெய் போதும், அது மெல்லியது என்பதால் அடிக்கடி விட வேண்டிவரும். புதிய எஞ்சின் ஒயிலும் பாவிக்கலாம். கராச்சில் சும்மா கிடைக்கும் கழிவு ஒயில் வேண்டாம். அதற்குள் ஏற்கனவே கரியும் உலோகத் தூளும் இருக்கிறது, தோலுக்கும் கூடாது. சமையல் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். ஆனால் நாளடைவில் காற்றோடு சேர்ந்து பிசினாகும். தேங்காயெண்ணெயைவிட நல்லெண்ணெய் விரைவாகப் பிசுபிசுக்கும்.

நான்காவது, பெடலைச் சில நிமிடம் பின்பக்கமாகச் சுற்றி எண்ணெய் உள்ளே போகவிட்டு, பிறகு வெளியில் நிற்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. வேலியில் தொங்கவிட்ட இரண்டாம், மூன்றாம் துண்டுகளுக்கு இடையிலிருந்த வித்தியாசம் முழுவதும் இந்தத் துடைப்புத்தான்.

சோப் தண்ணீரில் கழுவுவதில் தவறில்லை. ஆனால் கழுவியவுடன் உலர்த்தி எண்ணெய் விடாவிட்டால் துரு பிடிக்கும். முல்லைத்தீவு, மன்னார், வடமராட்சி போன்ற கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று அதை இன்னும் விரைவாக்கும்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஓர் அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், புதிய செயினில் 24 மூட்டு தள்ளி வரும் ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தாண்டினால் பற்சில்லும் பழுதாகியிருக்கும். நேரத்துக்கு ஒரு செயின் வாங்கினால் மற்ற இரண்டையும் காப்பாற்றலாம்.

கட்டிய கம்பியும் கட்ட வேண்டிய கவனமும்

சைக்கிளிலிருந்து நிலத்தில் முட்டும்படி கட்டிய கம்பியால் பயனில்லை. அங்கே இறக்குவதற்கு மின் இல்லை. வாகனத்தில் சத்தி வராமலிருக்கப் பின்னால் றப்பர் வார் தொங்கவிடும் பழக்கமும் இப்படித்தான். சத்தி வருவது, கண் சொல்வதும் உட்காது சொல்வதும் பொருந்தாததால். அதற்கும் நிலைமின்னுக்கும் தொடர்பில்லை.

ஆனால் நிலைமின் உண்மையிலேயே ஆபத்தாகும் ஓர் இடமுண்டு. 2022 இல் நாங்கள் எல்லோரும் பிளாஸ்ரிக் கான்களோடு வரிசையில் நின்றோம். பெற்றோல் குழாய்க்குள்ளால் ஓடும்போதும் பிளாஸ்ரிக்கில் விழும்போதும் ஏற்றம் சேரலாம். பெற்றோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும். கானை மோட்டார் சைக்கிள் சீற்றிலோ வாகனத்துக்குள்ளோ வைத்து நிரப்பாமல், நிலத்தில் வைத்து, குழாயின் உலோக முனை கானின் வாயில் முட்டியபடி மெதுவாக நிரப்ப வேண்டும். பவுசரிலிருந்து எண்ணெய் இறக்குமுன் நிலத்தோடு தொடுக்கும் கம்பி பூட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். பயப்படத் தேவையில்லாத செயினுக்குக் கம்பி கட்டிக்கொண்டு, பயப்பட வேண்டிய கானை மடியில் வைத்திருந்தோம்.

பின்குறிப்பாக ஒன்று

அந்த மாணவியின் சைக்கிளுக்கு வேறு செயின் பூட்டியாயிற்று. பூட்டிய அன்று தாயும் வந்திருந்தார். அவரிடம் நான் நேரே சொன்னேன், "அம்மா, பிள்ளை பிழையாக விளங்கிக்கொள்ளேல்லை, நான்தான் பிழையாகச் சொன்னனான்" என்று. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை சேர், இனி எப்பிடி எண்ணெய் விடுறதெண்டு சொல்லுங்கோ" என்றார்.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் உராய்வு மின் பாடம் வரும்போது நான் சீப்பைக் காட்டுகிறேன், அடிமட்டத்தைக் காட்டுகிறேன். பிறகு ஒரு செயின் துண்டைத் தூக்கிக் காட்டி, "இதில் அழுக்கு ஏன் ஒட்டுகிறது?" என்று கேட்கிறேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை "கரண்ட் சேர்" என்கிறது. வேலியில் தொங்கவிட மூன்று துண்டுச் செயின் எப்போதும் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.